கத்தித் தீர்த்தா கோபம் அடங்காது
"கோபம் வந்தா கத்தித் தீர்த்துடணும், இல்லன்னா பஞ்சிங் பேக்கைக் குத்தணும், அப்பதான் அடங்கும்"னு பதிவு போட்டிருக்கீங்க. தப்புண்ணே. 2002ல பிராட் புஷ்மன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வச்சு சோதிச்சுப் பார்த்தாரு. கோபப்படுத்தின ஆளையே நினைச்சு பஞ்சிங் பேக்கைக் குத்தினவங்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவங்களுக்குக் கம்மி. 2024ல 150க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்ததிலயும் உதவினது மூச்சுப்பயிற்சி, தியானம் மாதிரி உடம்பைத் தணிக்கிறதுதான். (வியாசர்பாடி பாக்ஸிங் பசங்க கோச்சுக்காதீங்க, விளையாட்டுக்குக் குத்துறது வேற.)

அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு சொல்லல. தண்ணி லாரி வரிசையில "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா குடம் பறக்கும். ரெண்டு மூச்சு விட்டுட்டு, "அக்கா, என் குடம் உங்களுக்கு முன்னாடி இருந்துச்சு, பின்னாடி போயிடுச்சு. நான் புடிச்சுட்டு வேலைக்குப் போகணும்"னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் அவங்களே நகத்தி வைப்பாங்க.