வால்வு அம்ப் மறுபடியும் வரட்டும், திருத்தக்கூடியதாக வரட்டும்

பேஸ் கிற்றாருக்கான ஆம்பெக் பி-15 அம்ப் மறுபடியும் தயாரிக்கப்பட வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் ஊர் இசைக்குழுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒத்திகை முடிந்து வயர் சுற்றும்போது தொடங்குகிற பேச்சு, டச்பே கடற்கரையில் கச்சான் சரை காலியான பிறகும் ஓய்வதில்லை. திருகோணமலையில் அந்த அம்பை நேரில் கண்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், சபை அமைதியாகிவிடும். காணாத பொருளுக்காகக் கட்சி கட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. என்றாலும் இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. பேஸ் வாசிப்பவனின் கருவியைப் பற்றி மற்ற வாத்தியக்காரர்கள் கவலைப்படுவது ஊரில் அடிக்கடி நடக்கிற காரியமா என்ன?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி-15 என்பது 1960 இல் அமெரிக்காவில் வந்த வால்வு அம்ப், அதாவது உள்ளே சூடேறி எரிகிற கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குகிற பெட்டி. வடிவமைத்தவர் ஜெஸ் ஒலிவர். கீழே 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட, பின்புறம் மூடிய பெட்டி, மேலே அம்ப். கச்சேரி முடிந்ததும் மேற்பலகையைப் புரட்டிப் போட்டால் அம்ப் தலைகீழாகப் பெட்டிக்குள் இறங்கிவிடும், வால்வுகள் உடையாமல் ஏற்றிக்கொண்டு போகலாம். வலு 25 வாட், பின்னால் 30. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் ஸ்பீக்கர் பெட்டியில்கூட 1000 வாட் என்று கூசாமல் அச்சடிக்கும் இந்தக் காலத்தில் அந்த 25 சிரிப்பாகத்தான் இருக்கும். ஆம்பெக்கை நிறுவிய எவரெட் ஹல் ஜாஸ் பேஸ் வாசித்தவர், ரொக் இசையையும் அதன் கரகரப்பையும் அடியோடு வெறுத்தவர். சுத்தமான தொனிக்காக அவர் பாடுபட்டுச் செய்த பெட்டியை இன்று உலகமே அது லேசாகக் கரகரக்கும் கட்டத்துக்காகத்தான் தேடுகிறது. 1967 இல் அவர் நிறுவனத்தை விற்றார். பிறகு பல கை மாறி, 2018 முதல் அது யமஹா கிற்றார் குழுமத்திடம் இருக்கிறது. இடையில் 2011 வாக்கில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் ஒரு மறுவெளியீடும் வந்தது. 1964, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளின் மின்சுற்றுகளையும் ஒரே பெட்டியில் அடக்கியிருந்தார்கள்.

இனிக் கட்சிகளுக்கு வருவோம்.

முதல் கட்சிக்கு எல்லாம் அச்சொட்டாகப் பழையபடியே வேண்டும். அதே உறைத் துணி, அதே கைப்பிடி, பிசிபி எனப்படும் அச்சிட்ட சுற்றுப் பலகை இல்லாத கைவயரிங். இவர்களிடம் நான் கேட்பது, எந்த ஆண்டின் பழையபடி? 1960களின் நடுப்பகுதியிலேயே அசல் பி-15 க்குள் பிசிபி வந்துவிட்டது. ஸ்பீக்கர் மாறியது, பெட்டியின் முகப்பு மாறியது. அசல் என்று கையை வைத்துக் காட்ட ஒரே ஒரு பொருள் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் எடுத்ததற்கெல்லாம் சாட்சிக்கு அழைப்பது மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை. அவர் மேடைகளில் பி-15 பாவித்தது உண்மை. ஆனால் டெட்ரொயிட் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவருடைய பேஸ் பெரும்பாலும் நேராக ஒலிக்கலவைக் கருவிக்குள் போனது. இசைத்தட்டில் கேட்டு உருகுகிற அந்தத் தொனியில் அம்பின் பங்கைவிட அவருடைய ஒற்றை விரலின் பங்கும், மாற்றாமலே வைத்திருந்த பழைய தட்டைக் கம்பிகளின் பங்கும் அதிகம். விரலுக்கு மறுவெளியீடு இல்லை. இதைச் சொன்னபோது எங்கள் கீபோர்ட் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது கட்சி நடைமுறைக் கட்சி. வால்வு என்றாலே பாரம், சூடு, செலவு. வால்வே இல்லாத இப்போதைய டி வகுப்பு அம்ப் இரண்டு மூன்று கிலோதான், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். எப்படியும் சவுண்ட்ஸ்காரர் டிஐ என்ற சிறு இணைப்புப் பெட்டியில் ஒரு வயரைச் செருகி பேஸை நேராக ஒலிக்கலவைக் கருவிக்கு இழுத்துக்கொள்ளப் போகிறார், பிறகு எதற்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி என்கிறார்கள். பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே 30 வாட் முன்வரிசையைத் தாண்டாது என்பதும் உண்மைதான். இவர்கள் சொல்வதில் முக்கால்வாசியை நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிக் கால்வாசியை ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம் காது.

பேஸின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிர்கிறது. மேடையில் காலடியில் வைக்கிற சிறிய மொனிட்டர்களுக்கு அந்த ஆழம் எட்டாது. வால்வைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தால் அதன் இரட்டிப்பும் மும்மடங்கும், அதாவது 82 உம் 123 உம், தாமாகச் சேர்ந்து வரும். அடிச்சுரம் சரியாகக் கேட்காத இடத்திலும் காது அதை ஊகித்து எடுத்துக்கொள்ளும். அத்துடன் ஓங்கி அடித்த சுரத்தை வால்வு சற்று அமுக்கிக் கொடுக்கும். 6/8 தாளத்தில் பைலா வாசித்தவர்களுக்கு இது தெரியும். பறங்கியர் கல்யாண வீட்டில் இரவு பதினொரு மணிக்குமேல் வேகம் ஏற ஏற, பேஸ் சுரம் குட்டையாகவும் உருண்டையாகவும் விழாவிட்டால் ஆடுகிறவர்களின் கால் இடறும். அடுத்த நாள் கோவில் மேடையில் இளையராஜா பாடல் கேட்பார்கள். அவருடைய பேஸ் வரிகள் பாடகருக்குச் சமமாக நின்று பேசுபவை, ஒரு சுரம் மங்கினாலும் தெரிந்துவிடும். மெல்லிசைக் கலைஞர்களான பரமேஷ், கோணேஸ் சகோதரர்களைத் தந்த ஊர் இது. மெல்லிசை கேட்டுப் பழகிய பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள், அவர்களிடம் தப்பவும் முடியாது.

ஆகவே வரட்டும் என்பதுதான் என் வாக்கு. ஆனால் இரண்டு கட்சியும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டே வாக்களிப்பேன். பழுதானால் இதை யார் திருத்துவது?

சென்ற பருவத்தில் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது என் டி வகுப்பு அம்ப் இரண்டாவது பாட்டில் அணைந்துபோனது. எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. கொழும்புக்கு அனுப்பினேன். முழுப் பலகையையும் மாற்ற வேண்டும், அந்தப் பலகை இப்போது தயாரிப்பில் இல்லை என்று பதில் வந்தது. சுற்று வரைபடம் கேட்டால் வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லையாம். வாங்கி முழுதாக மூன்று வருடம்கூட ஆகவில்லை. இப்போது அது அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

அதே வீட்டில் இன்னொரு அம்பும் இருக்கிறது. ஸ்கார்பரோவிலிருந்து என் மச்சான் கப்பலில் போட்டு அனுப்பிய பழைய ட்ரெய்னர் பேஸ் மாஸ்டர். ட்ரெய்னர் டொரொண்டோவிலேயே பிறந்த பெயர். 1963 இல் பீட் ட்ரெய்னர் தொடங்கியது. உறுதியைக் காட்ட அம்பைக் கூரையிலிருந்து தள்ளிவிட்டுச் சோதிப்பார் என்று அவரைப் பற்றிக் கதை சொல்வார்கள். பேஸ் மாஸ்டரின் சுற்றுக்கு மூதாதை 1950களின் இறுதியில் அமெரிக்க ஃபெண்டர் நிறுவனம் செய்த பேஸ்மேன் அம்ப். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் முதல் மார்ஷல் அம்ப் உருவானதும் அதே சுற்றைப் பார்த்துத்தான். பேஸுக்கென்று செய்த பேஸ்மேனைக் கிற்றார்காரர்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். ஃபெண்டர் 1990 இல் அதை மறுவெளியீடு செய்தபோது வாங்கியவர்களும் அவர்கள்தாம். எங்களுக்கு மிஞ்சியது பெயரில் உள்ள பேஸ் மட்டும்.

மச்சானின் பெட்டி வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது, ஆனால் பாட்டைவிட இரைச்சல் அதிகம். மத்திய வீதிப் பக்கம் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். கிற்றார் அம்ப் எதையும் அவர் அதற்குமுன் திறந்ததில்லை. பின்பலகையைக் கழற்றிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது பெரிய ரேடியோகிராம்தானே, தம்பி" என்றார். பிளக்கைக் கழற்றி வைத்திருந்தும் உள்ளே கையை விடவில்லை. 100 வாட் குமிழ் ஒன்றின் இரண்டு வயரையும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டரின் முனைகளில் தொட்டார். குமிழ் ஒருதரம் பளிச்சென்று எரிந்து அணைந்தது. 400 வோல்ட்டுக்கு மேல் உள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வலக்கையால் வேலை செய்த நேரமெல்லாம் இடக்கையைச் சாரத்தின் மடிப்புக்குள் சொருகியே வைத்திருந்தார். மின்சாரம் ஒரு கையால் ஏறி மறுகையால் இறங்கினால் வழியில் இதயம் இருக்கிறது என்பது அவருடைய விளக்கம்.

இரைச்சலுக்குக் காரணம் காய்ந்துபோன மின்பகு கப்பாசிட்டர்கள். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறும்போது 100 ஹேர்ட்ஸில் ஓர் ஊளை எஞ்சும், அதை விழுங்குவது அவற்றின் வேலை. வால்வு செருகும் குழிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அது கனடாவில் பிடித்ததல்ல, ஒரு மழைக்காலம் எங்கள் வீட்டில் இருந்ததற்கு உப்புக்காற்று வைத்த வரி. ஐயா கேட்டது சுற்று வரைபடத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக அச்சடித்துக் கொடு என்பது மட்டுமே. பழைய அம்ப் என்பதால் வரைபடம் தாராளமாகக் கிடைத்தது. கப்பாசிட்டர்கள் சாதாரணமாகக் கடையில் விற்கிறவை. குழிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். அம்ப் பாடத் தொடங்கியது.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பெட்டி. 230 ஐ 120 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்தால் போதும் என்றுதான் வெளிநாட்டுச் சாமான் வாங்குகிற எல்லோரும் நினைக்கிறோம். வோல்ட் இறங்கும், ஹேர்ட்ஸ் இறங்காது. சுவரில் இருப்பது 50 தான். அதே வோல்ட்டுக்கு ஹேர்ட்ஸ் குறைந்தால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரின் இரும்பு 20 சதவீதம் கூடுதல் காந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். தாராளமாக இரும்பு போட்டிருந்தால் சமாளிக்கும், கணக்குப் பார்த்துப் போட்டிருந்தால் கொதிக்கும். என்னுடையது அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போனது. கடைசியில் மோட்டார் காயில் சுற்றுகிற கடையொன்றில் 230 வோல்ட்டுக்குப் புதிதாக ஒன்று சுற்றுவித்தோம். அழகில்லை, அசலில்லை. அச்சொட்டுக் கட்சி பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த அம்பில்தான் இன்றைக்கும் வாசிக்கிறேன்.

மறுவெளியீட்டுக்காரர்களிடம் என் வேண்டுதலும் அந்த ஐயாவின் மேசையிலிருந்து வருகிறதுதான். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸை மனதில் வைத்துத் தாராளமான இரும்போடு ட்ரான்ஸ்போமர் போடுங்கள். ஒலிவெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள், ஆழமான சுரம் முழுவதும் அதனூடாகத்தான் வெளியே வர வேண்டும். பிசிபி போடுவதென்றால் போடுங்கள், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் வால்வுக் குழிகளையும், ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற பொட்டென்சியோமீட்டர்களையும் அந்தப் பலகையிலேயே பற்றவைத்துவிடாதீர்கள். சூட்டிலும் ஆட்டத்திலும் முதலில் விடுவது அந்த இடம், பலகையும் சேர்ந்து போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்று வரைபடத்தை வெளிப்படையாகக் கொடுங்கள். ஃபெண்டர் தன் பழைய அம்புகளுக்குள் எந்தக் குழியில் எந்த வால்வு என்று ஒரு காகிதம் ஒட்டி அனுப்பியது. திறக்கப்போகிறவனை எதிர்பார்த்துச் செய்த சாமான் அது.

வால்வுக்கு எங்கே போவது என்று நடைமுறைக் கட்சி உடனே கேட்கும், நியாயமான கேள்வி. இன்று வால்வு செய்கிற பெரிய தொழிற்சாலைகள் ரஷ்யாவின் சாரடோவ், ஸ்லோவாக்கியா, சீனா என்று ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் உலகம் முழுவதும் வால்வு விலை ஏறியது. அதே மாதம்தான் நம் ரூபாயும் சரியத் தொடங்கி, டொலர் 200 இலிருந்து 360 வரைக்கும் ஓடியது. ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்கள் அவை, வால்வு இருந்தாலும் எரிக்க மின்சாரம் இருக்கவில்லை. ஆகவே ஒரு சோடியாவது கையிருப்பில் வைத்திருக்கத்தான் வேண்டும். பி-15 இன் 6எல்6 வால்வாவது பல அம்புகளில் பாவிக்கப்படுவதால் தேடினால் கிடைக்கும்.

வால்வு இந்த ஊருக்கு அந்நியமும் இல்லை. நிலாவெளிக்கு அப்பால் 1980களில் ஜெர்மன் வானொலி அமைத்து, பின்னாளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்த மறுஒலிபரப்பு நிலையத்தில் 250 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பிகள் இருந்தன. அந்த வலுவை எழுப்பியதும் வால்வுகள்தாம், ஆள் தூக்க முடியாத அளவில். அவற்றைப் பராமரித்த கைகள் உள்ள மாவட்டத்தில் 30 வாட் பெட்டிக்கு ஆள் கிடைக்காது என்றால் நான் நம்பமாட்டேன்.

விலை என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். புதிதாக வந்தால் எங்களில் ஒருவரும் கடையில் வாங்கப் போவதில்லை. டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற மச்சான்மார் வாங்கி, மனைவியிடம் ஏச்சு வாங்கி, சில வருடம் கழித்துக் கப்பலில் போடுவார்கள். அப்போது அது எங்கள் முறை. அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பழைய பி-15 இல் வெளிச்சம் போட்ட பிளாஸ்டிக் தகடு ஒன்று இருந்தது. வாங்கியவர் பெயரைக்கூட அதில் பொறித்துக் கொடுத்தார்கள். அச்சொட்டுக் கட்சிக்கு அந்தத் தகடும் வேண்டுமாம். தாராளமாகப் போடுங்கள். பின்பலகையின் உட்புறத்தில் வரைபடம் ஒட்ட ஒரு சாண் இடத்தையும் விட்டுவையுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ஐயாவுக்குக் கண் முன்போல இல்லை.