'ஜஸ்ட்' என்றால் 'மட்டும்' மட்டும்தானா?

தென்னாப்பிரிக்காக்காரர் ஒருவரோடு கொஞ்சகாலம் வேலை பார்த்தேன். ஒரு கோப்பு கேட்டதற்கு, "ஐ வில் சென்ட் இட் ஜஸ்ட் நௌ" என்றார். மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கோப்பு வந்தது சாயங்காலம். அவர்மேல் தப்பில்லை. அவர்கள் ஊர் ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நௌ' என்றால் 'அப்புறமா' என்று அர்த்தம். சீக்கிரம் என்றால் 'நௌ நௌ'. அதுவும்கூட உடனே இல்லை!

அன்றிலிருந்து இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு கண். 'ஜஸ்ட் என்றால் மட்டும்' என்று மனப்பாடம் செய்துதான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம்.

லத்தீனில் சட்டத்தையும் உரிமையையும் குறிக்கும் 'யூஸ்' என்ற சொல்லில் கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இது. ஜஸ்டிஸ், ஜட்ஜ் எல்லாம் ஒரே குடும்பம். நியாயமானது என்பது 'சரியாக' என்றாகி, 'சரியாக அவ்வளவு' என்பது 'அவ்வளவுதான், அதற்குமேல் இல்லை' என்றாகிவிட்டது. அதனால்தான் 'எ ஜஸ்ட் ஜட்ஜ்' என்றால் நேர்மையான நீதிபதி. 'ஜஸ்ட் எ ஜட்ஜ்' என்றால் வெறும் நீதிபதி. ஒரு குட்டி 'எ' இடம் மாறியதற்கு இவ்வளவு பெரிய பதவியிறக்கம்.

என்னைக் கேட்டால், இதற்கு நெருங்கிய சொந்தம் 'மட்டும்' இல்லை, நம் 'தான்'. "ஷி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்": இப்போதுதான் கிளம்பினாள். (அமெரிக்கர்கள் அந்த 'ஹேஸ்' கூட இல்லாமல் சொல்லிவிடுவார்கள்.) "தட்ஸ் ஜஸ்ட் வாட் ஐ வான்டட்": இதைத்தான் கேட்டேன். ஒரு வித்தியாசம் உண்டு. 'தான்' எந்தச் சொல்லை அழுத்துகிறதோ அதன் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும், குழப்பமில்லை. 'ஜஸ்ட்' முன்னால் நிற்கும், நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும். "நாட் ஜஸ்ட் குட்" என்றால் நன்றாக இருக்கிறது, அதற்கு மேலேயும் இருக்கிறது. "ஜஸ்ட் நாட் குட்" என்றால் நன்றாகவே இல்லை. ஒருவர் வேலையைப் பாராட்டப் போய் இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் இந்த மெயில் ஆலோசகர்கள். "ஜஸ்ட் செக்கிங்" என்று எழுதாதீர்கள், பணிந்து போவதுபோல இருக்கிறது, வெட்டி எறியுங்கள் என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நாம் "சும்மாதான் கூப்பிட்டேன்" என்கிறோமே, அந்த 'சும்மா' பணிவா? அவசரம் இல்லை என்று எதிராளிக்குச் சொல்லும் இங்கிதம் அது. என்ன, ஒரே மெயிலில் நான்கு முறை 'சும்மா' வந்தால்தான் சந்தேகம் வரும். நேற்று நான் எழுதியதில் நான்கு இருந்தது. மூன்றை எடுத்துவிட்டேன்.