பூநாரை பார்க்க மே மாதம் வேண்டாம்

நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குக் கோடை விடுமுறையில் போகலாம் என்று ஒரு பயணக் கட்டுரை சொல்கிறது. பூநாரைக்காக (ஃபிளமிங்கோ) போகிறவர்கள் தயவுசெய்து மார்கழி, தை மாதங்களில் போங்கள். ஈரோட்டிலிருந்து நாங்கள் சென்ற தை மாதம் போயிருந்தோம். ஆழமில்லாத உப்பு நீரில் பூநாரைகள் கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை அரித்து அரித்து இரை எடுத்தன. என் மகள் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை.

வெளிமான்கள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. முறுக்கிய கொம்போடு கிடா நிமிர்ந்து நிற்பதைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும்! கோடியக்கரை 1967இல் சரணாலயமான இடம். 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் வெள்ளோடு ஏரிக்கு அந்தப் பெருமை 2022இல்தான் கிடைத்தது.

மான்களுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். ஒரு குட்டி பிளாஸ்டிக் உறையை மென்றுகொண்டிருந்ததைக் கண்டு மனம் பதறிவிட்டது.