பின்னல் ஊசி பிடித்த மீனவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் சாரா ஓர்ன் ஜூவெட்டின் கதைகளை முதலில் படித்தபோது என் கண்ணில் பட்டது பெண்கள்தான். 1884-இல் வந்த ‘எ கன்ட்ரி டாக்டர்’ நாவலில், மருத்துவராக வேண்டும் என்பதற்காக நேன் பிரின்ஸ் கல்யாணமே வேண்டாம் என்கிறாள். அதில் ஒரு காட்சி. ஒருவருக்குத் தோள்மூட்டு நழுவிவிடுகிறது. டாக்டர் பக்கத்தில் இல்லை. நேன் அவரைத் தரையில் படுக்க வைத்து, காலை அவர் தோளில் ஊன்றிக் கையை இழுத்து மூட்டைச் சேர்த்துவிடுகிறாள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ஜார்ஜ் ஜெரி நின்று வேடிக்கை பார்க்கிறான். தான்தான் பெண்பிள்ளை மாதிரி ஆகிவிட்டதாக அவனுக்குக் கூச்சம்.

நேன் மாதிரிப் பெண்களைக் கொண்டாடி நிறைய எழுதிவிட்டார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வட்டாரக் கதைகளில் ஆணும் பெண்ணும் கலந்து நிற்கிற பாத்திரங்களில் அதிகத் துணிச்சலோடு எழுதப்பட்டவர்கள் ஆண்கள்தான் என்பது என் கட்சி. (உடனே அர்த்தநாரீஸ்வரரைக் கூட்டிவர வேண்டாம். இங்கே தத்துவம் ஒன்றும் இல்லை. வீட்டு வேலை, தோட்ட வேலை, துணி, அடுப்பு, அவ்வளவுதான்.)

1896-இல் வந்த ‘தி கன்ட்ரி ஆஃப் தி பாயின்டட் ஃபர்ஸ்’ புத்தகத்தில் எலைஜா டில்லி என்று ஒரு கிழவர் வருகிறார். மெய்ன் மாநிலக் கடலோரத்து மீனவர், அதிகம் பேசாதவர். கதைசொல்லி அவர் வீட்டுக்குப் போகும்போது நீல நூலில் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் முழங்கால் நோவோடு வீட்டில் கிடந்தபோது அம்மா சொல்லிக்கொடுத்த பின்னல். மனைவி செத்து வருஷக்கணக்காகிவிட்டது. வீட்டை அவள் வைத்திருந்தது போலவே துடைத்துப் பெருக்கி வைத்திருக்கிறார். அவளுடைய நல்ல பீங்கான் பாத்திரங்களை எடுத்துக் காட்டுகிறார். ஒன்றுகூட உடைந்ததில்லை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பாத்திரங்கள். அவள் போன பிறகு பார்த்தால், ஒரு கோப்பை உடைந்து அலமாரியின் உள்பக்கம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவள் அவரிடம் மறைத்த ஒரே விஷயம் அதுதான். சாவுக்கு வந்தவர்களின் சாப்பாட்டுக்காகப் பாத்திரம் எடுத்த பெண்கள்தான் அதைக் கண்டு அவரிடம் காட்டினார்கள். சும்மா மனைவியை நினைத்து அழும் ஆணாக அவரை எழுதியிருந்தால் இந்தக் கோப்பை கதைக்குள் வந்தே இருக்காது.

அதே புத்தகத்தில் வில்லியம் பிளாக்கெட். தீவில் அம்மாவோடு வாழும் கூச்ச சுபாவி, தலை நரைத்துவிட்டது. அக்கா கல்யாணமாகிப் போன பிறகு இவன்தான் எனக்கு மகனும் மகளும் என்கிறார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறார். இந்த வில்லியம் வருஷக்கணக்காக மனதில் வைத்திருக்கும் எஸ்தர் யார் தெரியுமா? நடமாட முடியாத அம்மாவைக் காப்பாற்ற மேட்டு நிலத்தில் ஆடு மேய்ப்பவள். இந்த ஜோடியை ஜூவெட் எந்த இடத்திலும் கேலி செய்யவில்லை.

‘அன் ஆட்டம் ஹாலிடே’ கதையின் கேப்டன் டேனியல் கன் இன்னும் விசேஷம். புத்தி பேதலித்து, செத்துப்போன சகோதரியாகவே தன்னை நினைத்துக்கொண்டு அவள் உடையில் தேவாலயத்துக்கு வருகிறார். ஊர் சிரிக்கிறது, சிரித்துக்கொண்டே இடமும் கொடுக்கிறது. பைத்தியம் என்ற சலுகை இருந்ததால்தானே விட்டார்கள் என்று கேட்கலாம். சரி, இருக்கட்டும். அந்தச் சலுகையையும் தராத ஊர்கள் எத்தனையோ.

மேற்கே கலிபோர்னியாவில் எழுத்தாளர் பிரெட் ஹார்ட் 1868-இலேயே ‘தி லக் ஆஃப் ரோரிங் கேம்ப்’ கதையில் தங்கச் சுரங்கத்து முரடர்கள் கையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கொடுத்துவிட்டார். தாய் பிரசவத்தில் இறந்துவிட, கழுதைப்பால் கொடுத்து வளர்க்கிறார்கள். குழந்தைக்காகக் குளிக்கிறார்கள், கெட்ட வார்த்தையைக் குறைக்கிறார்கள். எனக்கு அந்தக் கதை கொஞ்சம் சர்க்கரை அதிகம். டில்லியிடம் இருக்கும் நிதானம் அதில் இல்லை.

என்னை ரொம்ப நாள் உறுத்திய கதை ஜூவெட்டின் ‘டாம்ஸ் ஹஸ்பெண்ட்’. மேரி ஆலையை நடத்துகிறாள், கணவன் டாம் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போகிறது. ஆலையில் லாபமும் வருகிறது. கடைசியில் டாம் திடீரென்று குளிர்காலத்துக்கு ஐரோப்பா போகிறோம் என்று முடிவாகச் சொல்ல, மேரி விட்டுக்கொடுத்துவிடுகிறாள். எழுதியவர் பயந்து பின்வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் திரும்பப் படித்தேன். டாமுக்குச் சமையல் கேவலமாகப் படவில்லை. மனைவி வேலை நினைப்பிலேயே வந்து சாப்பிட்டு எழுந்து போகிறாள், தன் உலகம் நாலு சுவருக்குள் சுருங்கிவிட்டது, பெண்கள் எல்லோரும் இப்படித்தானே இருந்திருப்பார்கள் என்று அவனுக்கு உறைக்கிறது. அப்புறம்தான் ஐரோப்பா. ஒரு ஆணை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் மூன்றே வருஷத்தில் மூச்சு முட்டுகிறது! ஆனால் மேரி கட்டி எழுப்பிய ஆலை என்னாவது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மாசசூசெட்ஸின் மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் 1890-இல் எழுதிய ‘தி ரிவோல்ட் ஆஃப் மதர்’ கதையில், நாற்பது வருஷமாகப் புது வீடு தருவதாகச் சொன்ன கணவர் அதே இடத்தில் மாட்டுக்குப் புதுக் கொட்டகை கட்டுகிறார். அவர் குதிரை வாங்க வெளியூர் போன நேரத்தில் மனைவி சாரா பென் குடும்பத்தோடு அந்தக் கொட்டகைக்குக் குடிபோய்விடுகிறார். 1917-இல் ஃப்ரீமனே இந்தக் கதை உண்மையில்லை, அப்படி ஒரு பெண் நியூ இங்கிலாந்தில் இருந்ததே இல்லை என்று எழுதினார். இருந்தாளா இல்லையா என்று இன்றும் அதைப் பிடித்துக்கொண்டு விவாதிக்கிறோம். ஆனால் கணவரைப் பாருங்கள். ஊர் திரும்பிய அடோனிராம் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே போய் உட்கார்கிறார். மனைவி வந்து அவர் தோளைத் தொடுகிறார். கையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருக்கிறார் மனிதர்.