பேட்டரியில் டிசி இருக்கும்போது எதற்கு ஏசி?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நான் போட்ட கேமரா பெட்டியைத் திறந்து படம் எடுத்து, கேமராக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "கார் பேட்டரியில சுவிட்ச் ஓட்டுற டெக்னீஷியன்" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். சுவிட்ச் என்றால் லைட் சுவிட்ச் இல்லை, கேமரா ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் கருவி. கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் என்னிடம் வேலை பழகிய பையன்களும் இருக்கிறார்கள். அங்கேயே பதில் போட்டேன், நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு எஸ்டேட்டில் ராத்திரி கேமரா நின்றிருந்த நேரத்தில் மிளகு மூட்டை திருடு போன விவகாரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை. அந்த ராத்திரி கேமரா ஏன் நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மறுநாள் காலையில் மீட்டரோடு மேலே போய் நின்றவன் நான்.

காற்று மழையில் சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போயிருக்கிறது. ஏற்காட்டில் இது புதிதில்லை. எஸ்டேட் பங்களாவில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கேமரா சுவிட்சும் அதில்தான். விருந்தினர் யாரோ கெட்டிலைப் போட்டிருக்கிறார்கள். ஓவர்லோடு. இன்வெர்ட்டர் சில முறை முயன்று பார்த்துவிட்டு நின்றுவிட்டது. யாராவது போய் பட்டனை அமுக்கி எழுப்பினால்தான் உண்டு. தூங்குகிற நேரத்தில் யார் அமுக்குவார்கள்? நான் போனபோதும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டேதான் இருந்தது. பேட்டரி முனையில் மீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட். கிட்டத்தட்ட நிறைந்த பேட்டரி. கேமரா எல்லாவற்றையும் விடிய விடிய ஓட்டும் சக்தி அதில் இருந்தது. ஒரு விநாடிகூடப் பதிவாகவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பேட்டரியில் இருப்பது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். கேமராவுக்கு வேண்டியதும் டிசி. நடுவில் அதை வீட்டு லைனில் வருகிற மாதிரி 230 வோல்ட் ஏசி கரண்ட் ஆக்கி, அப்புறம் ஒரு அடாப்டரை வைத்துத் திரும்ப 48 வோல்ட் டிசி ஆக்கி சுவிட்சுக்குக் கொடுப்பது எதற்கு? டிசி வாங்கும் பிஓஇ சுவிட்ச் இருக்கிறது. பிஓஇ என்றால் படம் வரும் அதே நெட்வொர்க் ஒயரில் கேமராவுக்குக் கரண்டும் போகும். 12 அல்லது 24 வோல்ட்டை நேராக வாங்கி, உள்ளேயே கேமராவுக்கு வேண்டிய 48க்கு உயர்த்திக்கொள்ளும். சார்ஜர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும், சுவிட்ச் எப்போதும் பேட்டரியிலேயே நிற்கும். கரண்ட் போனால் மாறுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. மாற்றிவிடும் ரிலே இல்லை, ஓவர்லோடு இல்லை, பங்களா கெட்டிலுக்கும் கேமராவுக்கும் சம்பந்தமே இல்லை.

கணக்கையும் போட்டுவிடுகிறேன். நாலு கேமரா, இருட்டில் படம் எடுக்க உதவும் ஐஆர் விளக்கோடு, சுவிட்சும் சேர்த்து 30 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 600 வாட்-மணி. டிசி சுவிட்ச் என்றால் உள்ளே உயர்த்தும் நஷ்டம் போக 33 வாட் இழுக்கும், 18 மணி நேரம் வரும். இன்வெர்ட்டர் வழியாகப் போனால் அடாப்டரில் கொஞ்சம் போகும், இன்வெர்ட்டரில் கொஞ்சம் போகும், இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கே ஒரு பத்து வாட் போகும். 54 வாட் ஆகிவிடும். 11 மணி நேரம். அதே பேட்டரி, அதே கேமரா.

என் சித்தப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் பேட்டரி ரூமுக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். ஆசிட் வாடை மூக்கில் ஏறும். ஆள் முழங்கால் உயரத்துக்குக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட், 24 செல் வரிசையாக. மொத்தம் 48. ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சி மிதவை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார், நோட்டில் குறிப்பார், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவார். "ஊரே இருட்டானாலும் போன் அடிக்கும்டா தம்பி, அதுக்குத்தான் இது" என்பார். ஊரே இருட்டில் கிடந்தபோது எங்கள் வீட்டு லேண்ட்லைனை எடுத்தால் டயல் டோன் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ரயில்வே சிக்னல் ரிலே 24 வோல்ட் டிசியில் ஓடுகிறது. நம்ம சேலமே ஒரு ரயில்வே கோட்டம், தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். துணைமின் நிலையத்தில் பிரேக்கரை இறக்கும் பாதுகாப்பு ரிலேக்களுக்கு 110 வோல்ட் பேட்டரி பேங்க் தனியாக இருக்கும். கரண்ட் கொடுக்கிறவர்களே முக்கியமான இடத்தில் பேட்டரி டிசியைத்தான் நம்புகிறார்கள். நான் செய்தால் மட்டும் கார் பேட்டரியா?

அது கார் பேட்டரியும் இல்லை. கார் பேட்டரி வண்டியைக் கிளப்பச் சில விநாடி பெரிய கரண்ட் கொடுப்பதற்கானது, ராத்திரி முழுக்க மெதுவாக இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். படத்தில் இருப்பது மெதுவாக இறக்குவதற்கென்றே செய்த டியூபுலர் பேட்டரி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ் ஹோல்டர் தெரியும். ஒயர் ஷார்ட் ஆனால் பேட்டரி அதை உருக்கிவிடும் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் அங்கே வைத்தேன். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், இரண்டிலும் எண் ஒட்டியிருக்கிறேன். அதையெல்லாம் பார்க்காமல் பேட்டரியை மட்டும் பார்த்தார்கள்.

"சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட் தாண்டும், சுவிட்ச் எரிஞ்சுடும்" என்கிறார்கள். சுவிட்சின் முதுகில் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை வாங்கும் என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்து வாங்க வேண்டும். 44 முதல் 57 வரை என்று போட்ட சுவிட்சுக்கு 24 கொடுத்துவிட்டு, டிசி சுவிட்சே வேஸ்ட் என்று திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே உயர்த்தும் வசதி இல்லாத சுவிட்ச் அது. குற்றம் சுவிட்சிலா இருக்கிறது? படத்தைப் பதிவு செய்யும், ஹார்ட் டிஸ்க் உள்ள என்விஆருக்கு மட்டும் சரியாக 12 வோல்ட் வேண்டும், அதற்கு ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன். அதுவும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

"டிசி தூரம் போகாது." இதைச் சொல்லாத ஆளே இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 50 மீட்டர் தூரம் என்றால் போக வர 1.2 ஓம். 12 வோல்ட்டில் 30 வாட் அனுப்பினால் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒத்துக்கொள்கிறேன். அதே 30 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் முக்கால் வோல்ட்தான் போகும். தூரம் இருந்தால் 48க்குப் போ, இல்லையென்றால் பேட்டரியைக் கம்பத்தடியில் வை. நாகலூரில் என் பெட்டியைக் களத்துக்கும் குடோனுக்கும் நடுவில் கம்பத்தடியில் வைத்தது இதனால்தான். அலுமினியத்தில் செம்பு பூசிய கேபிளை இழுத்துவிட்டு டிசியைக் குறை சொல்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இடி? ஏப்ரல், மே மாத இடிக்கு ஏசி டிசி என்று வித்தியாசம் கிடையாது. கட்டடத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் கரண்ட் கடத்தாத பைபர் கேபிள் போடுங்கள்.

விலை கொஞ்சம் கூடத்தான். ஆமாம். ஒரு மிளகு மூட்டையின் விலை என்ன என்று அந்த ஓனரைக் கேளுங்கள்.

இன்னொன்றை யாருமே பேசவில்லை. கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் 230 வோல்ட்டை நான் கொண்டுபோவதில்லை. மழையில் நனைந்த களத்தில் பெண்கள் வெறும் காலோடு காபிக் கொட்டையை வாருகிறார்கள். மூடி கழன்ற பெட்டியில் யாராவது கையை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துத்தான் வேலையைச் செய்கிறேன். அதைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது என்றால் எனக்கு வலிக்கத்தான் செய்யும். வெளியூர் கம்பெனி சட்டை போட்டு வந்து, ஒரே இன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனால் அது புரொபஷனல். நான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், மீட்டர் வைத்து அளந்து, பியூஸ் போட்டு வைத்தால் அது கார் பேட்டரி.

சரி, என்னைச் சொன்னது போகட்டும். மிளகு திருடு போன எஸ்டேட்டின் வாட்ச்மேன் அண்ணனை என்ன செய்தார்கள்? "கேமரா நின்னது எப்படி? ஆஃப் பண்ணது யார்?" என்று கேட்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதே குழுவில் "உள்ளாள் வேலை" என்று எழுதினார்கள். அவர் என்னிடம் "தம்பி, அந்தப் பெட்டி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுப்பா" என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன், ஏனென்றால் யாரும் ஆஃப் பண்ணவில்லை. இன்வெர்ட்டர் ஓவர்லோடில் நின்றது, நான் அந்தச் சிவப்பு விளக்கைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஓனரிடமும் சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்" என்றார். டிசி சுவிட்ச் போட்டிருந்தால் திருடியவன் முகம் என்விஆரில் இருந்திருக்கும், இவர் இன்றைக்கு வேலையில் இருந்திருப்பார்.

என் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் நாகலூர் வரலாம். சாவி என்னிடம் இருக்கிறது. மெயினை நீங்களே இறக்குங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த அண்ணனைப் பற்றி எழுதியதைக் குழுவிலிருந்து எடுங்கள். ஓனரிடம் பேசக்கூடியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சிவப்பு விளக்குப் படத்தை அனுப்புகிறேன்.