ஃபீட் ஹோல்டு வேறு, எமர்ஜென்சி ஸ்டாப் வேறு

"சிஎன்சி மெஷினின் கதவு சுவிட்சை கன்ட்ரோலரின் ஃபீட் ஹோல்டு (தற்காலிக நிறுத்தம்) பின்னில் கொடுத்தால் போதும், எமர்ஜென்சி ஸ்டாப் தேவையில்லை" என்று சிலர் சொல்வது தவறு. கன்ட்ரோலரில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் ஃபீட் ஹோல்டு, நகரும் அச்சுகளைத்தான் வேகம் குறைத்து நிறுத்தும். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். சீவலைத் தட்டிவிடக் கை நீட்டிப் பாருங்கள், தெரியும். வேண்டாம், பார்க்காதீர்கள்!

ஜிஆர்பிஎல்லைக் கம்பைல் செய்யும்போது அதே பின்னை சேஃப்டி டோர் (பாதுகாப்புக் கதவு) உள்ளீடாக மாற்றினால், அச்சுகள் இடம் பிசகாமல் நின்றபின் ஸ்பிண்டிலையும் அணைத்துவிடும். அணைத்தாலும் கட்டர் சில விநாடி சுற்றித்தான் ஓயும். சரி, அதுவும் மென்பொருள்தானே? கன்ட்ரோலர் உறைந்துபோனால் எதுவும் நடக்காது. மெஷின்களின் மின் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 சர்வதேசத் தரப்படி அவசர நிறுத்தம் வகை 0 (மின்சாரத்தை உடனே துண்டிப்பது) அல்லது வகை 1 (நிறுத்தியபின் துண்டிப்பது). இரண்டிலும் கடைசியில் மோட்டார் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். அதற்கு, அழுத்தாதபோது மூடியிருக்கும் தொடர்புள்ள காளான் வடிவப் பொத்தானும், மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டரும் வையுங்கள். ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும்.