பட்டாளம் வந்த வழியில்தான் நாமும் வந்தோம்

ஏப்ரல் வந்தால் முகநூல் முழுக்க நுவரெலியாப் படங்கள். கிரகரி வாவி, செங்கல் தபாலகம், கிராண்ட் ஹோட்டல் புல்வெளி, கூடவே "குட்டி இங்கிலாந்து" என்று ஒரு வரி. குளிரும் பூவும் பிடித்துப்போய் வெள்ளைக்காரன் ஆசையாகக் கட்டிய ஊர் என்றே நம் பிள்ளைகள் நம்பி வளர்கிறார்கள். காய்ச்சலில் விழுந்த சிப்பாய்களைத் தேற்றியெடுக்கத் தொடங்கிய ஊர் அது. 1820களின் கடைசியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 6,000 அடிக்கு மேலே அந்த இடத்தைப் பிடித்தது அதற்காகத்தான். மலையக வரலாற்றைக் கோப்பியிலிருந்து தொடங்குகிறோம். அதற்கு ஒரு படி முன்னே, பட்டாளத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

1803இல் வெள்ளைக்காரர்கள் கண்டியைப் பிடித்து ஒரு காவல்படையை விட்டுப் போனார்கள். சில மாதத்தில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் ஜூனில் சரணடைந்து வெட்டுப்பட்டார்கள். 1815இல் கண்டி முழுதாக அவர்கள் கைக்கு மாறியது. ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை 1818இல் நசுக்கிய பிறகு பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனாலும் பட்டாளம் போகவில்லை. பிரித்தானியாவிலிருந்து ஒரு ரெஜிமெண்ட் கப்பலில் வந்து இறங்கும், சில வருடம் மலையில் கிடக்கும், பிறகு வேறொரு காலனிக்குப் போகும், அந்த இடத்துக்கு அடுத்தது வரும். கூடவே மலாய்க்காரர்கள் நிறைந்த இலங்கை ரைபிள் படை. சமாதான காலம் என்றுதான் பெயர். சாவு மட்டும் குறையவில்லை.

நம்பாதவர்கள் கண்டிக்குப் போனால் தலதா மாளிகைக்குப் பின்னால், அரும்பொருட்காட்சியகத்தைத் தாண்டிச் சின்ன ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். பழைய படைமுகாம் கல்லறைத் தோட்டம், இருநூறுக்குக் கிட்டக் கல்லறைகள். பாசியைத் துடைத்துவிட்டு எழுத்தை விரலால் தடவிப் படிக்க வேண்டும். பெரும்பாலும் சின்ன வயசு, நிறையக் குழந்தைகள். வாட்டர்லூ வரை போரிட்டு உயிரோடு திரும்பிய கேப்டன் ஜேம்ஸ் மக்ளாஷன் திருகோணமலையிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் பிடித்த காய்ச்சலில் 1817இல் இறந்தார். அங்கே நின்றபோது எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் சேர்ந்து, பெயர்கூடத் தெரியாத மலையில் வந்து செத்த பொடியன்கள் எத்தனை பேர்!

அதிகாரிகள் கதை வேறு. எங்கள் ஊவாப் பக்கம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்று ஒருவர், ரைபிள் படைக்காரர், பதுளையில் அரசாங்க உதவி அதிபர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். பதுளை சென். மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. சண்டையில்லாத பட்டாளத்தின் துப்பாக்கி சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்த ஒருவர் போதும். 1848இல் மாத்தளைச் சனம் வரிக்கு எதிராக எழும்பியபோது அதே துப்பாக்கி மனிதரை நோக்கித் திரும்பியது. எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான வீர புரன் அப்புவை ஆகஸ்ட் 8ஆம் திகதி நிறுத்திச் சுட்டார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் ரோட்டுச் சட்டம்: ஆம்பிளைகள் வருடத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும்.

நம் கதைக்கு வாசல் இந்த ரோட்டுதான். கொழும்பு–கண்டி ரோட்டை 1820இல் தொடங்கியது கோப்பி ஏற்ற அல்ல, கண்டியைக் கைவிடாமல் வைத்திருக்க. கடுகண்ணாவையில் உயரமாக நிற்கும் கோபுரம் அதைப் போட்ட கேப்டன் டோசனுக்கு. பாறையை உடைத்த கைகள் ராஜகாரியம் என்ற கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட கண்டிக் கிராமத்தவருடையவை, தென்னிந்தியாவிலிருந்து ஆள்பிடித்துச் சேர்த்த பயனியர் படையினுடையவை. அவர்களுக்குக் கோபுரம் இல்லை. ரோட்டு வந்ததால் கோப்பி மலையேறியது. கோப்பிக்காக நம் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களை யார் எழுதி வைத்தார்கள்? 2023இல் நம் ஆட்கள் வந்து இருநூறு வருடமானதைக் குறித்த மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்த வழியில் பெயர் பொறித்த பழைய கல் ஒன்றாவது கண்டோமா?

எங்கள் பாட்டியைப் புதைத்தது தோட்டத்து மயானத்தில். தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி, மஞ்சள் பூசிய ஆற்றுக்கல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் மறுநடுகைக்கு மண்ணைப் புரட்டியபோது நிர்வாகம் யாரையும் கேட்கவில்லை. இன்று அங்கே வரிசையாகத் தேயிலை. எந்த வரிசை என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் கல்லறையைப் பராமரிக்க எதற்குக் காசு என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இருக்கட்டும், நன்றாகவே இருக்கட்டும். ஒரு சிப்பாயின் பெயர், ரெஜிமெண்ட், வயசு, செத்த காரணம் எல்லாம் இருநூறு வருடம் கழித்தும் வாசிக்கக் கிடக்கிறதென்றால், நம் தோட்டங்களிலும் அதைச் செய்ய முடியும். சேர்ச் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப்பதிவு, வயசானவர்களின் வாய் — இவ்வளவும் இன்னும் இருக்கின்றன. இதை அரசாங்கம் செய்யும் என்று நான் காத்திருக்கவில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் ஏ.எல் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கலாம். ஒரு டிவிஷனுக்கு ஒரு கொப்பி போதும்: பெயர், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எந்த லயம், எங்கே புதைத்தது.

ஹப்புத்தளை, பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் இருப்பவர்கள், இருபது வருடத்துக்கு முந்தைய தோட்டத்து மயானம் எங்கே இருந்தது என்று தெரிந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த மலை, எந்த நம்பர் என்று சொன்னால் நான் நேரில் வந்து பார்க்கிறேன்.